தாம்பாளத்தில் வைத்த நூறு ரூபாய்

எங்கள் ரயில்வே கேட்டை மூடியபோது என் மகள் எட்டாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு. அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. பள்ளிக்கூடம், பஸ், ரேஷன் கடை, டாக்டர், மருந்துக் கடை எல்லாம் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் இருந்தவை வீடுகளும், ஓர் அம்மன் கோயிலும், தண்ணீர் லாரி வந்து நிற்கிற முச்சந்தியும்.

என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப் போயிற்று. அந்த நாளில் அப்படிப் பல குழந்தைகள் உண்டு. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். கேட் இருந்தவரைக்கும் தார் ரோடு சமமாகத் தண்டவாளத்தைக் கடந்து போகும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பையைப் பிடித்துக்கொண்டு தானாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். கேட்கீப்பர் அவளைப் பார்த்தால், ரயில் வர நேரமிருந்தால், கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டை இறக்குவார்.

பிறகு அகல ரயில் பாதை வேலை வந்தது. பழைய பாதையோடு புதிய பாதைகளும் சேர்ந்தன. வண்டிகள் கூடும், இந்த இடத்தில் கேட் ஆபத்து என்று சொல்லி மூடிவிட்டார்கள். பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டு வேலி போட்டார்கள். வேலி போட்ட மறுவாரமே ஒரு துண்டை யாரோ சாய்த்து ஆள் நுழைகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டார்கள். வேறு என்ன செய்வது? மேம்பாலம் வேண்டுமென்றால் ஸ்டேஷன்வரை ஒரு மைல் போகணும். போனாலும் படி. என் மகளுக்குப் படி ஏறத் தெரியாது என்பதில்லை, ஏறுவாள், ஆனால் மேலே போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.

அதனால் நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண். காலிப்பரோடு சேர்த்து நல்ல கனம். ஜல்லி குவித்து வைத்த மேட்டில் ஏறி, இரண்டு பக்கமும் பார்த்து, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நாலு பாதையையும் தாண்டி, அந்தப் பக்கம் இறக்கிவிட்டதும் அவள் முதலில் செய்கிற காரியம் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பதுதான். சாயங்காலம் மறுபடி அதேபோல். வீட்டுக்காரருக்குக் கிண்டியில் ஷிப்டு வேலை. காலை ஷிப்டு இல்லாத வாரத்தில் அவர் தூக்குவார். மற்ற நாளெல்லாம் நான்.

பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வந்தால் போதும், அவள் படிப்பு நிற்காது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மற்ற வீடுகளுக்கு வேறு வேறு தேவை இருந்தது. ஆனால் கேட்டது எல்லாரும் ஒன்றைத்தான்.

எங்கள் தெருவில் போஸ்டாபீசில் இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் சஷ்டி தவறாமல் விரதம் இருக்கிறவள். இதெல்லாம் எங்கள் தெருவில் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. அவர் வீட்டம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் இருந்தது. அந்தக் கஷ்டத்திலும் சுரங்கப்பாதைக்காக எழுதுவதும் அலைவதும் அவர்தான். எம்.பி.யைப் போய்ப் பார்த்து மனு கொடுத்ததும் அவரே. எம்.பி. நல்லபடியாகவே பேசினாராம். ரயில்வே செலவுக்குப் பார்லிமென்டில் ஓட்டு வாங்குகிற சமயத்தில் இதை எழுப்புகிறேன், ஆனால் யார் யார் தினமும் கடக்கிறார்கள், எதற்குக் கடக்கிறார்கள் என்று ஜனங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள், மந்திரி பதில் சொல்வதற்கு முன்னால் அதை அவர் கையிலேயே நேரில் கொடுக்கிறேன் என்று சொன்னாராம்.

அந்த நோட்டை எழுதுகிற வேலையைச் சார் என்னிடம் கொடுத்தார். நான் எட்டாவதுவரை படித்தவள். எங்கள் வரிசை வீடுகளில் பேப்பரைத் தடங்கலில்லாமல் வாசிக்கிற பெண் அன்று நான் ஒருத்திதான். எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு, வீடு வீடாகப் போய் எழுதினேன். ஒரு பெரியவருக்கு வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. ஒருத்திக்குப் பொத்தேரிப் பக்கம் மாணவர்கள் தங்குகிற இடத்தில் சமையல் வேலை, விடியற்காலம் பஸ்ஸைப் பிடிக்கணும். கடற்கரைக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் பஸ் மாறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்கா, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜல்லி மேட்டில் ஏறுகிறவள், தானும் கைநாட்டு வைப்பேன் என்று கேட்டு வைத்தாள். அவள் விரலில் இருந்த செதில் ஒன்று மையோடு நோட்டில் ஒட்டிக்கொண்டது. கடைசியாக என் வீட்டை எழுதினேன். மகள், பள்ளிக்கூடம், கால் என்று மூன்றே வார்த்தை.

அந்த வருஷம் பார்லிமென்ட் கூடியதிலிருந்து சாயங்காலம் டெல்லித் தமிழ்ச் செய்தியை நான் விட்டதில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பாதுகாப்புக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று கோடி கோடியாகச் சொல்வார்கள். எதிர்க்கட்சி கூச்சல் போட்டு வெளியே போனது என்பார்கள். அந்த ரூபாய்களைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு மாதிரி தைரியம் வரும். இத்தனை கோடியில் ஒரு சுரங்கம் எவ்வளவு ஆகிவிடப் போகிறது? சாரிடம் கேட்டால் சிரிப்பார். அங்கே ஒவ்வோர் இலாகாவும் இவ்வளவு வேணும் என்று கேட்கும்மா, மெம்பர்கள் பேசி ஓட்டுப் போட்டுக் கொடுப்பார்கள், நம்ம சங்கதி அந்தப் பேச்சில் ஒரு நிமிஷம் வந்தால் போதும் என்பார்.

பங்குனி மாதம். சார் வீட்டம்மாவுக்கு உடம்பு முற்றி, வைத்தியத்துக்கு வெளியூர் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது, ஞாயிற்றுக்கிழமை எம்.பி. டெல்லியிலிருந்து வருகிறார், நான் நேராக அவரோடேயே வந்துவிடுகிறேன், நோட்டு உங்கள் கையில் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி வீட்டுக்காரர் கொண்டுவந்த பேப்பரில் உள்பக்கத்தில் நாலே வரி இருந்தது. எங்கள் எம்.பி.யின் பேர் போட்டிருந்தது. எங்கள் ஊர் போட்டிருந்தது. சுரங்கப்பாதை என்றும் இருந்தது. சந்தோஷத்தில் முதலில் அவ்வளவுதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை வாசித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். இந்தச் சுரங்கப்பாதை சம்பந்தமாக ரயில்வேக்குக் கொடுக்கிற பணத்தில் நூறு ரூபாயைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறாராம்.

நாம் வேண்டும் என்று கேட்டோம். அவர் போய்க் கழித்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். எப்படித் திருப்பித் திருப்பி வாசித்தாலும் எனக்கு அப்படித்தான் வந்தது. வீட்டுக்காரரும் வாசித்தார். இதில் ஏதோ இருக்கும், சார் வரட்டும் என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் நின்றது. நான் அந்தப் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று இன்றுவரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். சார் வரும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னக்கா முகம் வாடிக் கிடக்குது என்று ஒருத்தி கேட்டாள். நான் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் குடுக்கற? நீ படி, சத்தமாப் படி."

படித்தேன். எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கினது இதுக்குத்தானா என்று ஒரு கிழவர் என்னைத்தான் கேட்டார். சாரும் சேர்ந்துதான் இதைச் செய்திருப்பார், இல்லாவிட்டால் சரியாக இந்தச் சமயம் பார்த்து ஊரில் இல்லாமல் போவாரா என்று ஒருத்தி சொன்னாள். அவர் வீட்டம்மா கிடக்கிற நிலைமை எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லவில்லை.

மீன்காரக்கா அப்போதுதான் வேலிக்குள் நுழைந்து வந்தாள். முழங்காலில் ஜல்லி கிழித்து ரத்தம். விஷயத்தைக் கேட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"கோடி கோடியாக் கீற எடத்துல நம்ம நூறு ரூவாதான் அந்தாளு கண்ணு உறுத்திச்சா?"

"அதானேக்கா."

"நூறு ரூவா இல்லாம ரயிலு நின்னுடப் போவுது பாவம். நாமளே குடுத்துருலாம். வெத்தில பாக்கோட தாம்பாளத்துல வெச்சு, ஐயா வாங்கிக்கோங்கன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கேலிக்குத்தான் அவள் சொன்னது. ஆனால் சிரித்து முடித்தபோது அது தீர்மானமாகிவிட்டது. படித்தவள் என்று பணத்தைச் சேர்க்கிற பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள்.

வீட்டுக்கு எட்டணா, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வந்தது. மீன்காரக்கா ஐந்து ரூபாய் கொடுத்தாள், ஈரமான நோட்டு. சனிக்கிழமை ராத்திரி எண்ணிப் பார்த்தால் நூறுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. தொண்ணூறைக் கொடுத்தால் கேலி நிற்காது. வீட்டுக்காரரிடம் கேட்டால் கொடுக்கமாட்டார், அவருக்கு இந்த விஷயமே பிடிக்கவில்லை.

என் மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து வைத்திருந்தேன். கால் நேராகட்டும், காணிக்கையைக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று நேர்ச்சை. கால் நேராகவில்லை. நானும் அவிழ்க்கவில்லை. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் இரண்டோ மூன்றோ சேர்த்து முடிந்துகொண்டே வந்தேன். அன்று ராத்திரி அந்த முடிச்சை அவிழ்த்தேன். பத்து வருஷ முடிச்சு, நகத்தால் அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். அவளுக்காக முடிந்தது, அவளுக்காகத்தானே எடுக்கிறேன், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். எடுத்ததைத் திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். அவன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இதையெல்லாம் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எம்.பி.யின் கார் ஊரைச் சுற்றிக்கொண்டு முச்சந்திக்கு வந்தது. முன்சீட்டிலிருந்து சார் இறங்கினார். நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, நேராக எம்.பி. வீட்டுக்குப் போய், அப்படியே வருகிறார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. எம்.பி. இறங்கிக் கும்பிட்டார். நாங்கள் நினைத்த மாதிரி பெரிய ஆளாக இல்லை. சட்டைக் காலர் நைந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்.

நான் தாம்பாளத்தோடு முன்னால் போனேன். வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம், நடுவில் சில்லறையும் நோட்டுமாக நூறு ரூபாய். முதலில் அவருக்குப் புரியவில்லை. மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"இது எதுக்கும்மா?"

பின்னாலிருந்து மீன்காரக்காதான் சொன்னாள்.

"டெல்லில நூறு ரூவா கம்மி பண்ணச் சொன்னியாமே சாமி. கம்மி பண்ண வேணாம். நாங்களே குடுத்துர்றோம், எடுத்துக்கினு போ."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பையன்கள் விசில் அடித்தார்கள். சார் என் முகத்தைப் பார்த்தார். இவளா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. எம்.பி.க்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக் காரின் முன்பக்கம் வைத்தார். அது ஒரு முறைம்மா, அங்கே அப்படித்தான் கேட்கணும் என்று ஆரம்பித்தார். சிரிப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை. வாட்ச்சைப் பார்த்தார். மத்தியானம் அவருக்கு டெல்லிக்கு விமானம். செவ்வாய்க்கிழமை மந்திரி பதில். கூட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் மட்டும் தணிந்த குரலில் பேசினார்.

"நோட்டு உங்ககிட்டதான் இருக்குன்னு சார் சொன்னாரு. அதக் குடுங்கம்மா. திட்டறத அப்புறம் திட்டுங்க."

வீடு அங்கிருந்து இருபது அடிதான். போய் எடுத்து வர ஒரு நிமிஷம் ஆகாது. என் மகள் வாசற்படியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் தெருவே நின்றது. இவ்வளவு பண்ணிவிட்டு இப்போது நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்கள் என்னை என்ன சொல்வார்கள்? அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மகள் இரண்டாவதாகத்தான் தோன்றினாள்.

"நோட்டு இல்லீங்க," என்றேன்.

சாருக்கு அது பொய் என்று தெரியும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எம்.பி. தாம்பாளத்தை எடுத்துச் சாரிடம் கொடுத்துவிட்டு, கும்பிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சார் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தாம்பாளத்தை வாசலில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கவுன்டரில் மணியார்டர் பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பார்லிமென்ட்ல மெம்பருக்குப் பணத்தைக் கூட்டிக் குடுன்னு கேக்க உரிமை கெடையாதும்மா. அரசாங்கம் கேட்ட தொகையைக் கம்மி பண்ணுன்னு சொல்லத்தான் உரிமை. நூறு ரூபா கம்மி பண்ணுன்னு எழுதிக் குடுத்தாத்தான், ஏன் கம்மி பண்ணணும்னு நம்ம ஊர் சங்கதிய எடுத்துப் பேச விடுவாங்க. யாரும் நெஜமா வெட்ட மாட்டாங்க. அது கதவத் தட்டற மாதிரி."

"தட்டறதுக்கு வேற வழியே இல்லையா சார்?"

"இருந்திருந்தா அவர் அதத் தட்டியிருப்பாரே."

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தாம்பரம் போய் டெல்லிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இத்தனை வருஷம் தபாலிலேயே இருந்தவர், எப்போது போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமைக்குள் சேராது என்று தெரிந்துதான் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியோவில் மந்திரி பதில் சொன்னதாக வந்தது. மெம்பர்கள் எழுப்பிய சில பாலங்களையும் சில வழிகளையும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு மூன்று ஊர்ப் பேர் சொன்னார்கள். எங்கள் ஊர் அதில் இல்லை. வெட்டுத் தீர்மானங்கள் எல்லாம் குரல் ஓட்டில் தோற்றுப்போய், கேட்ட பணம் கேட்டபடியே நிறைவேறியது என்று முடித்தார்கள். பிறகு வானிலை அறிக்கை வாசித்தார்கள். நான் ரேடியோவை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து எம்.பி.யிடமிருந்து சாருக்குக் கடிதம் வந்தது. நோட்டு கிடைத்தது, இலாகாவுக்கு அனுப்பியிருக்கிறேன், வரும் வருஷம் மறுபடி முயற்சி செய்கிறேன் என்று நாலு வரி. எங்கள் மேல் ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. சார் அதை என்னிடம் காட்டினார். நோட்டு அன்றைக்கே போயிருந்தாலும் சுரங்கப்பாதை வந்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதும்மா, நூற்றுக்கணக்கான பேர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் என்னை அரித்தது. வந்திருக்காது என்று தெரிந்தால் தூங்கிவிடுவேன். வந்திருக்கும் என்று தெரிந்தால் அழுது தீர்த்துவிடுவேன். இரண்டும் தெரியாமல் விட்டுவிட்டான் முருகன். அடுத்த தேர்தலில் அந்த எம்.பி. நிற்கவில்லை.

தெருவில் யாரும் இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சார் சொன்ன விளக்கத்தை நான்தான் லாரி வரிசையில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீன்காரக்கா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இதெல்லாம் நமக்கு யார்க்கா சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டாள். பணத்தை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். மீதியில் எது மஞ்சள் துணியில் இருந்த காசு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாச் சில்லறையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. முருகனுக்கு முடிந்ததை வேறு காசால் ஈடுகட்ட மனசு ஒப்பவில்லைதான், வேறு வழியும் இல்லை. எடுத்ததற்கு மேலேயே போட்டுத் திருப்போரூர் போய் உண்டியலில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். நான் தூக்கிக்கொண்டுதான் கடந்தேன். என் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்கும். பாதி வழியில், "இறக்கி விடும்மா, நானே நடக்கறேன்" என்பாள். சில நாள் இறக்கிவிடுவேன். கையைப் பிடித்துக்கொண்டு ஜல்லியில் அடி அடியாக வருவாள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அப்படி இறக்கிவிட்டேன். மூன்றாவது பாதையைத் தாண்டும்போது காலிப்பரின் அடிக்கம்பி தண்டவாளத்துக்கும் ஜல்லிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், வரவில்லை. நான் குனிந்து இழுத்தேன், வரவில்லை. தெற்கேயிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது. எந்தப் பாதையில் வருகிறது என்று மழையில் தெரியவில்லை. தோல் வாரைப் பிய்த்தேனா, பக்கிளைக் கழற்றினேனா, ஒன்றும் நினைவில்லை. காலிப்பரை அங்கேயே விட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஜல்லிச் சரிவில் உருண்டேன். வண்டி நாங்கள் நின்ற பாதையில் வரவில்லை, பக்கத்துப் பாதையில்தான் போயிற்று. காலிப்பர்கூட வளையாமல் அப்படியே இருந்தது. அவளுடைய புத்தகங்கள்தான் தண்ணீரில் கிடந்தன. யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கு மேல் இல்லை.

வீட்டுக்காரர் அன்று என்னைத் திட்டவில்லை. விளக்கடியில் உட்கார்ந்து காலிப்பரைத் துணியால் துடைத்து எண்ணெய் போட்டார். இனிமேல் வேண்டாம் என்றார். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இவளுக்குப் படிப்பில் அவ்வளவு ஆசை, கணக்கில் முதல் மார்க் வாங்குகிறவள்.

"சரிப்பா," என்றாள். "அம்மாவால முடியல, எனக்குத் தெரியும்."

அவள் அப்படிச் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நோட்டு இல்லை என்று நான் சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கும். அதைப் பற்றி அவள் என்னிடம் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை.

டி.சி. வாங்க நான்தான் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரி. இன்னும் ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், பத்தாவது முடித்துவிட்டால் ஒரு வேலைக்காவது ஆகும் என்று சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் யார் வீட்டிலாவது தங்க வைக்க முடியாதா என்றார். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. கடைசியில் பேனாவை எடுத்தார். படிப்பை நிறுத்துகிற காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

"என்னம்மா போடறது இதுல?"

தண்டவாளம் என்று சொல்லலாம். கால் என்று சொல்லலாம். அந்தக் கட்டம் சின்னது, நான் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. நீங்களே பார்த்துப் போடுங்கள் டீச்சர் என்றேன். குடும்பச் சூழ்நிலை என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கேட் மூடிய பிறகு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அவள் கூட இல்லாமல் நான் அந்தத் தண்டவாளத்தைக் கடந்து வீட்டுப் பக்கம் வந்தது அன்றுதான். நாலு பாதையையும் எவ்வளவு சீக்கிரம் தாண்டிவிட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவுதானா இந்தத் தூரம் என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவி, சாயங்கால விளக்கை ஏற்றினேன். தினமும் அந்த நேரத்தில் முருகனிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று இருக்கும். அன்று கையைக் கூப்பிக்கொண்டு வெறுமனே நின்றேன். உள்ளே அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை.